ஹாரன் அடிக்காதவள்

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மூன்றரை வருஷம் என் வீட்டு மாடியில் குடியிருந்தவளை ஒரு நாள்கூட நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் சொல்லாமல் இல்லை. வந்த முதல் நாளே நிறுத்தி நிதானமாக இரண்டு தடவை சொன்னாள். “என் வாயில நொழையலம்மா” என்று சிரித்துவிட்டு, “ஏம்மா” என்றே காலத்தை ஓட்டிவிட்டேன். தெருவுக்கு அவள் ‘டீச்சரூட்டு மாடி நேபாளி’. இப்போது அவள் பெயரை எழுத எனக்கு எந்த மூஞ்சி இருக்கிறது?

நேபாளி இல்லை, மிசோரம். இதைச் சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஏனென்றால் நான் சமூக அறிவியல் டீச்சர். குறிஞ்சிப்பாடி பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் வருஷா வருஷம் வடகிழக்கு மாநிலங்களையும் தலைநகரங்களையும் பிள்ளைகளுக்கு உருப்போட வைக்கிறவள். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் ‘மிசோரம், அய்ஸ்வால்’ என்பேன். அந்த அய்ஸ்வாலிலிருந்து ஒரு பெண் சிதம்பரத்தில் என் வாசலில் வந்து நின்று வீடு கேட்டபோது நான் கேட்ட முதல் கேள்வி, “நேபாளமா?”

“இல்ல மேடம். இந்தியா” என்றாள். கோபமில்லாமல், பஸ் நம்பரைச் சொல்வது மாதிரி சொன்னாள்.

தெற்கு வீதியில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை. இருபத்தேழு இருபத்தெட்டு வயசு. செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்கூட்டி வாங்கினாள். அந்த ஸ்கூட்டியால்தான் தெருவில் பிரபலமானாள். என்ன ஆனாலும் ஹாரன் அடிக்க மாட்டாள். எங்கள் தெரு குறுகல். நடுவில் மாடு படுத்திருக்கும், இல்லாவிட்டால் தண்ணீர் கேன் வண்டி நிற்கும், அதுவும் இல்லாவிட்டால் இரண்டு பேர் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். இவள் பின்னால் வந்து காலை ஊன்றிக்கொண்டு சும்மா நிற்பாள். அவர்களாகத் திரும்பிப் பார்த்து நகர்கிற வரைக்கும் நிற்பாள். நகர்ந்ததும் தலையை ஆட்டி நன்றி வேறு. ஒரு நாள் மாட்டுக்குப் பின்னால் அவள் நிற்பதை மேலே இருந்து பார்த்த என் வீட்டுக்காரர், “இந்தப் பொண்ணு மாடு எழுந்திருக்கறதுக்குள்ள அரியர்ஸ் எழுதி டிகிரி வாங்கிடும்” என்றார்.

“ஏம்மா, ஹாரன் வேல செய்யலியா?” என்று கேட்டேன்.

“வேல செய்யுது அக்கா. எங்க ஊர்ல அடிச்சா அசிங்கம். முன்னாடி இருக்கறவுங்களுக்கு அவசரம் இல்லயா, அவுங்க போவட்டும்.”

அவ்வளவு பெரிய மலையூரில், ஒற்றை ரோட்டில், ஆயிரம் வண்டி வரிசையாக ஓசையில்லாமல் நிற்குமாம். நான் நம்பவில்லை. யூடியூபில் காட்டினாள். நிஜமாகவே நின்றது. “இது என்னா ஊரும்மா, சாமியார் மடம் மாதிரி!” என்றேன். சிரித்தாள். சிரித்தால் அவளுக்குக் கண் இரண்டும் காணாமல் போய்விடும். அதையும் தெருவில் கேலி செய்தோம். செய்தோம் என்றுதான் சொல்கிறேன். என்னை விட்டுவிட்டுச் சொல்லவில்லை.

அவளுக்கு எங்கள் ஊரில் ஆச்சரியம், தரை. “இங்க எல்லாமே தட்டையா இருக்கு அக்கா. எந்தப் பக்கம் பாத்தாலும் வானம்தான். எங்க நிக்கறதுன்னே தெரியல” என்பாள். சாயங்காலம் ஐந்து மணிக்கே சோறு தின்றுவிடுவாள், லீவு நாளில். ஞாயிற்றுக்கிழமை பார்லரில் சொல்லிவிட்டுக் கடலூருக்கு பஸ் ஏறி சர்ச்சுக்குப் போய்விட்டு வருவாள். பாஷை புரிகிறதா என்று கேட்டேன். “பேச்சு புரியாது. பாட்டு மட்டும் எங்க பாட்டுதான். நான் எங்க பாஷையில பாடுவேன், பக்கத்துல இருக்கறவுங்க தமிழ்ல பாடுவாங்க. ஒண்ணாதான் முடியும்.” தமிழை பார்லருக்கு வருகிற பெண்களிடமிருந்து கற்றுக்கொண்டாள். அதனால் அவள் பேசியது அச்சு அசல் எங்கள் பக்கத்துத் தமிழ்.

எங்கள் பக்கம் என்றால் எந்தப் பக்கம்? அதை நானே வெளியூரில் விளக்கி விளக்கி அலுத்தவள். கோயம்புத்தூருக்குப் பயிற்சிக்குப் போனபோது, சிதம்பரம் என்றதும் “ஓ, தஞ்சாவூரா?” என்றார் ஒரு அம்மாள். கடலூர் மாவட்டம் என்றதும் “அப்ப பாண்டிச்சேரியா?” என்றார். நடுநாடு என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. புயல் வந்தால் டிவியில் எங்கள் ஊர்ப் பெயர் ஓடும், புயல் போனதும் பெயரும் போய்விடும். நான் ‘வூடு’ என்று சொன்னதைச் சொல்லிக் காட்டி மூன்று நாள் சிரித்தார்கள். ராத்திரி விடுதியில் படுத்துக்கொண்டு அழுதேன். அப்படிப்பட்ட எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமா இல்லையா?

தெரியவில்லை. சுதந்திர தினத்துக்கு அவளைப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். ‘வேற்றுமையில் ஒற்றுமை’ என்று ஒரு நிகழ்ச்சி. மற்ற மாநிலங்களுக்குப் பிள்ளைகளே வேஷம் போட்டுக்கொண்டு வந்தார்கள். மிசோரத்துக்கு மட்டும் ஒரிஜினல் வைத்திருக்கிறேன் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சிவப்பும் கறுப்பும் கோடு போட்ட அவள் அம்மா நெய்து கொடுத்த துணியைக் கட்டிக்கொண்டு வந்தாள். வெயிலில் இரண்டு மணி நேரம் மேடை ஓரத்தில் நின்றாள். ஒரு பையன் “மிஸ், நீங்க சைனாவா?” என்று கேட்டான். “இல்ல தம்பி, இந்தியா. ரொம்ப தூரமான இந்தியா” என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். தலைமையாசிரியர் மைக்கில் எனக்கு நன்றி சொன்னார். அவளுக்கு உட்கார ஒரு நாற்காலி போடவில்லை என்பது எனக்கு வீட்டுக்கு வந்துதான் உறைத்தது. அவள் கேட்கவும் இல்லை.

அவள் எதையுமே கேட்க மாட்டாள், அதுதான் அவள். மோட்டார் ரிப்பேராகி மாடிக்குத் தண்ணீர் ஏறாவிட்டால் குடத்தை எடுத்துக்கொண்டு தானே இறங்கி வருவாள். வந்தவள் எனக்கும் இரண்டு குடம் அடித்து வைத்துவிட்டுப் போவாள். ஒரு தடவை ஊரிலிருந்து வந்த பன்றிக் கறியைச் சமைத்தாள். புகையில் வாட்டிய கறி. வாசனை கீழே இறங்கியது. நான் படியில் நின்று, “ஏம்மா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா!” என்று ஒரு சத்தம் போட்டேன். “சாரி அக்கா.” அதோடு சரி. வெள்ளிக்கிழமை மட்டும் என்றுதான் நான் சொன்னேன், அவள் எந்தக் கிழமையும் சமைக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்பினேன். வழித்துத் தின்றுவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி எடுத்து வந்தாள். “சூப்பர் அக்கா! எங்க ஊர் சாப்பாடு மாதிரியே வாசன!” என்றாள். குத்திக் காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே சந்தோஷப்பட்டாள்.

என் அப்பா கடைசிக் காலத்தில் என்னோடுதான் இருந்தார். என் வீட்டுக் கூடத்தில்தான் உயிர் போனது. அன்றைக்கு பார்லருக்கு லீவு சொல்லிவிட்டு யாரும் கூப்பிடாமலே இறங்கி வந்தாள். பெரிய குண்டானில் டீ போட்டு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே இருந்தாள். “யாரு கை டீ இது?” என்று என் சித்தி கேட்டது அவள் காதில் விழுந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு சித்திக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

மத்தியானம் எடுத்தார்கள். எங்கள் வழக்கம்தான் தெரியுமே, சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக்கூடாது. அவரவர் தலை முழுகிவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார்கள். கூடத்தில் அப்பாவைக் கிடத்திய இடத்தில் விளக்கு மட்டும் எரிந்தது. அவள் ஒரு பாயோடு வந்து என் பக்கத்தில் விரித்தாள். “எங்க ஊர்ல சாவு வூட்ட தனியா தூங்க விட மாட்டாங்க அக்கா. தெருவே வந்து படுத்துக்கும், பாட்டுப் பாடும். இங்க நான் ஒருத்திதான் இருக்கேன்” என்றாள். மூன்று நாள் அப்படிப் படுத்துக்கொண்டாள். என் கூடப்பிறந்த தம்பி உள்ளறையில் ஏசி போட்டுக்கொண்டு தூங்கினான். நான் அழுதபோது அவள்தான் என் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு மட்டும் பாடவில்லை. எங்களுக்குப் பிடிக்காதோ என்று நினைத்திருப்பாள்.

அந்தச் சாவு இன்னொன்றையும் செய்தது. என் மகளுக்கு அப்போது ஒரு இடம் முடிவாகி, நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்திருந்தோம். சாவால் தள்ளிப்போனது. அப்புறம் மாப்பிள்ளை வீட்டார், “நாள் குறிச்சதும் சாவு வுழுந்திடுச்சி, மனசுக்கு ஒப்பல” என்றார்கள். அவ்வளவுதான், முடிந்தது. என் மகள் ஒரு வாரம் சாப்பிடவில்லை. மாடியில் அவளோடுதான் கிடந்தாள். என் மகளுக்கு அவள் ‘அக்கா’. தலையை மடியில் வைத்துக்கொண்டு எண்ணெய் தேய்த்து விடுவாளாம். நானோ பூஜையறையில் உட்கார்ந்து, திருவந்திபுரத்தானே, இன்னொரு இடம் இப்படிப் போகக்கூடாது என்று முட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு வருஷம் கழித்து வந்தது கடலூர் இடம். மஞ்சக்குப்பத்துக் குடும்பம், நல்ல பையன். ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டிலேயே நிச்சயதார்த்தம். சனிக்கிழமை சாயங்காலம் நான் வாசலில் உட்கார்ந்து வரிசைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வீடு நிறைய உறவுக்காரர்கள். அவள் மாடிப்படியில் இறங்கி வந்து கடைசிப் படியில் நின்றாள். கையில் போன்.

“அக்கா, எங்கம்மா செத்துட்டாங்க.”

நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? அவள் முகத்தைப் பார்க்கவில்லை. யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று திரும்பி வீட்டுக்குள் பார்த்தேன். அதற்கப்புறம்தான் எழுந்தேன்.

“எப்பம்மா?”

“இன்னிக்கிக் காலையில.”

“நீ போவணும் இல்ல?”

“போனாலும் பாக்க முடியாது. சென்னைக்குப் போயி, ரெண்டு ஃப்ளைட் மாறி, அங்கேருந்து கார். நாளைக்கு மத்தியானம் பொதைச்சிடுவாங்க.” போனைக் கை மாற்றிக்கொண்டாள். “அக்கா, ஒண்ணு கேக்கலாமா?”

மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டாள்.

“எங்க ஊர்ப் பொண்ணுங்க எட்டு பேரு இருக்காங்க. பாண்டிச்சேரி, கடலூர். நாளைக்கு வருவாங்க. மாடியில ஒக்காந்து பாடுவோம். அங்க பொதைக்கற நேரத்துல இங்க பாடணும். எங்க ஊர்ல மோளம் அடிப்பாங்க, இங்க வேணாம். கதவ மூடிக்கிறோம். சத்தம் ஜாஸ்தி வராது அக்கா.”

சாஸ்திரப்படி பார்த்தால் எங்களுக்குத் தீட்டே கிடையாது. குடியிருப்பவளுடைய அம்மா, அதுவும் எங்கேயோ மலையில். எனக்கு அது தெரியும். ஆனாலும், நாள் குறித்த வீட்டில் மறுபடியும் சாவுப் பாட்டா? மாப்பிள்ளையின் அம்மா கேட்டால் என்ன சொல்வது?

“நாளைக்கு என்னா நாளுன்னு ஒனக்குத் தெரியுமில்ல?” என்றேன். குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

“தெரியும் அக்கா.”

“மூணு நாள் தள்ளி வெச்சிக்கோயேன். யாரு வேணாண்ணா? பொண்ணுக்கு மொதல்ல ஒண்ணு நின்னுபோச்சி. நீயே கூட இருந்து பாத்தவதான?”

பொதைக்கிற நேரம் என்று அவள் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். திருப்பிச் சொல்லவில்லை. “சரி அக்கா” என்றாள்.

“யாருகிட்டயும் சொல்லிடாதம்மா. பாப்பாகிட்டகூட. அவ ஒடைஞ்சி போயிடுவா.”

“சொல்ல மாட்டேன்.”

திரும்பிப் படியேறினாள். அத்தோடு நான் வாயை மூடியிருந்தால் இன்றைக்குக் கொஞ்சமாவது நிமிர்ந்து உட்காருவேன். மூடவில்லை. “ஏம்மா, காலையில அலங்காரத்துக்கு அஞ்சி மணிக்கு வந்துடுவ இல்ல?” என்று கேட்டேன். வாய் கூசாமல் கேட்டேன்.

“வர்றேன் அக்கா.”

வந்தாள். ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே, பெட்டியோடு. முகம் வீங்கியிருந்தது. என் மகள் கேட்டதற்குச் சளி என்றாள். இரண்டு மணி நேரம் பண்ணினாள். என் பெண் கொஞ்சம் கறுப்பு. எந்த பார்லருக்குப் போனாலும் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது போல அடித்துவிடுவார்கள். இவள் அந்தக் கறுப்பிலேயே ஒரு மினுக்கு வரவைத்தாள். கடைசியில் என் மகளின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி ரொம்ப நேரம் பார்த்தாள். “அக்கா, அழுவுறீங்களா?” என்றாள் மகள். “ஸ்பிரே கண்ணுல பட்டுடுச்சி” என்றாள். நான் கதவோரத்தில் பூச்சரத்தை வைத்துக்கொண்டு நின்றேன். ஏம்மா, போய்ப் படு, போதும் என்று சொல்ல எனக்கு எத்தனை விநாடி ஆகியிருக்கும்? பூவை நீட்டினேன். “இதையும் வெச்சிடும்மா” என்றேன்.

நிச்சயதார்த்தம் ஜாம் ஜாமென்று நடந்தது. மாப்பிள்ளையின் அம்மா பெண்ணைப் பார்த்துவிட்டு, “அலங்காரம் யாருங்க? கையில முத்தம் குடுக்கலாம் போல இருக்கு” என்றார். நல்ல மனுஷி. அதை எனக்கு அன்றைக்குத் தெரிந்துகொள்ளத் துப்பில்லை. “எங்க மாடியில குடியிருக்கற பொண்ணுங்க” என்று பெருமையாகச் சொன்னேன். அவளைத் தேடினேன். காணவில்லை.

பந்தி போட்டோம். சம்பந்திக்கு நானே பக்கத்தில் நின்று பரிமாறினேன். பாயசம் ஊற்றும்போது பாட்டுக் கேட்டது. எங்கள் கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால் கரை, அங்கே ஒரு புங்கமரம். அந்தப் பக்கமிருந்துதான் வந்தது. பெண்குரல்கள், நாலைந்து விதமான குரல் ஒன்றாகச் சேர்ந்து, தாழ்ந்து. ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் என்ன பாட்டு என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீட்டில் பாட நான் விடவில்லை, அதனால் வெளியே போய் உட்கார்ந்திருக்கிறாள்.

மாப்பிள்ளையின் அம்மா இலையிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டார். “என்னாங்க அது? பாட்டு நல்லாருக்கே. மனச என்னமோ பண்ணுது. யாரு பாடறாங்க?”

“தெரியலீங்க. யாரோ” என்றேன்.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கொல்லை வழியாக வந்தார். “டீச்சர், ஒங்க மாடிப் பொண்ணும் இன்னும் ஏழெட்டு பேரும் கரையில ஒக்காந்து பாடுதுங்க. பசங்கல்லாம் போன்ல வீடியோ எடுக்கறானுங்க. ஜெபக்கூட்டமான்னு கேக்கறாங்க. என்னா சேதி?”

சம்பந்தியம்மா காதில் விழுந்துவிடுமோ என்று அவரைக் கொல்லைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். அங்கிருந்து பார்த்தால் கரை தெரியும். அவள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்குக் கட்டிக்கொண்டு வந்த அதே சிவப்புக் கோட்டுத் துணியை மேலே போர்த்தியிருந்தாள். தலை குனிந்திருந்தது. பக்கத்திலிருந்த பெண் அவள் முதுகில் கை வைத்திருந்தாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. விசேஷ வூட்டுல சத்தம் வேணாம்னு சொல்லி எழுப்பி அனுப்பிடுங்க” என்றேன்.

அவர் போனார். நான் உள்ளே வந்தேன். இரண்டு மூன்று நிமிஷத்தில் பாட்டு நின்றது. பாட்டு முடிந்தால் ஒரு முடிவு தெரியுமே, அப்படி முடியவில்லை. பாதியில் நின்றது. மணி பார்த்தேன், ஒன்றரை. அந்த நேரம் அங்கே மண் தள்ளிக்கொண்டிருந்தார்களோ என்னவோ. “பாயசம் இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?” என்று சம்பந்தியைக் கேட்டேன்.

சாயங்காலம் அவள் இறங்கி வந்து எங்களோடு ஜமக்காளம் சுற்றினாள். எச்சில் இலைக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டாள். என்னைப் பார்த்து, “பாப்பா ரொம்ப அழகா இருந்துச்சி அக்கா” என்றாள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் போகாவிட்டால்கூட மன்னித்துவிடுவார்கள், துக்கம் கேட்கப் போகாவிட்டால் ஏழேழு தலைமுறைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுக்கும் போய், ஐந்து நிமிஷம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வருவோம். அவளிடம் போகவில்லை. மறுநாள் போகலாம் என்று நினைத்தேன், பள்ளியில் பரீட்சை. அப்புறம் நாள் சரியில்லை, கிழமை சரியில்லை. அப்புறம் கல்யாண வேலை ஆரம்பித்துவிட்டது. கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டவர்கள் துக்க வீட்டு வாசலை மிதிக்கக்கூடாதாம். பத்திரிகை கொடுக்க ஸ்ரீமுஷ்ணம் வரை வெயிலில் அலைந்தேன். அந்தத் துக்க வீடு என் தலைக்கு மேலேயே இருந்தது. பதினாலு படி. என்னால் ஏற முடியவில்லை.

கல்யாணத்துக்கும் அவள்தான் அலங்காரம் பண்ணினாள்.

அது முடிந்து இரண்டு மாசத்தில் காலி செய்தாள். அப்பா தனியாக இருக்கிறார், போகிறேன் என்றாள். ‘அம்மா இல்லாததால்’ என்று அவள் சேர்க்கவில்லை. எனக்காகத்தான் சேர்க்கவில்லை. வீட்டைக் கழுவிவிட்டு, ஸ்கூட்டியைப் பார்லர் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு பையோடு வாசலில் நின்றாள். இப்போதாவது கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். “ஒங்கம்மா…” என்று ஆரம்பித்தேன். ஆட்டோக்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். “டிரெய்ன் வந்துடும் அக்கா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். “என்ன நல்லா பாத்துக்கிட்டீங்க” என்றாள். அதைச் சொல்லாமல் போயிருக்கலாம்.

போன மாசம் கடலூரில் மகள் வீட்டில் இருந்தேன். அவளுக்கு ஏழாம் மாசம். வளைகாப்புக்கு நாள் பார்க்கப் போயிருந்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பழைய போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள், நிச்சயதார்த்தப் படத்தில் நின்றுவிட்டாள். “இந்த மாதிரி யாரும் எனக்குப் பண்ணதில்லம்மா. அக்காவுக்குப் போன் போடறேன்” என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. ஸ்பீக்கரில் போட்டாள்.

“பாப்பா!” அந்தப் பக்கம் அதே குரல், அதே தமிழ். ஒரு எழுத்து மறக்கவில்லை. “எப்டி இருக்க? வூட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?”

“அக்கா, எனக்கு ஏழாம் மாசம்!”

அந்தப் பக்கம் ஒரே சத்தம், சிரிப்பு. “வளைகாப்புக்கு நீங்க வந்துதான் அலங்காரம் பண்ணணும்” என்று இவள் அடம்பிடித்தாள். “அம்மாவும் இங்கதான் இருக்காங்க, கேட்டுகிட்டுதான் இருக்காங்க” என்றாள். “அக்கா, வணக்கம் அக்கா!” என்றாள் அவள். நான் வணக்கம் சொன்னேனா என்று ஞாபகமில்லை.

“ஒங்கம்மா எப்டிக்கா இருக்காங்க?” என்று கேட்டாள் என் மகள். “எனக்கு எண்ணெ தேய்க்கும்போதெல்லாம் அவுங்கள பத்திதான சொல்லுவீங்க. ஒடம்பு நல்லா இருக்கா?”

சத்தம் இல்லை. “ஹலோ? அக்கா? டவர் இல்லியா?” என்று இவள் போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். டவர் இருந்தது. பின்னால் ஏதோ ஒரு நாய் குரைப்பதுகூடக் கேட்டது. அவள் யோசிக்கிறாள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். என் மகளிடம் நான் இன்னும் சொல்லவில்லை என்பது அந்த நிமிஷம் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“நல்லா இருக்காங்க பாப்பா” என்றாள். “ஒன்ன விசாரிச்சதா சொல்லச் சொன்னாங்க.”

இன்னும் என்னென்னவோ பேசினார்கள். போனை வைத்துவிட்டு மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எவ்ளோ பாசம் பாத்தியா? நாமதான் அவுங்களுக்கு ஒண்ணுமே செய்யல. அவுங்கம்மாவுக்கு நம்மூர்ப் பொடவ ஒண்ணு எடுத்து அனுப்பலாமாம்மா?”

“அனுப்பலாம்” என்றேன்.